புல்தரைக்கு மேல் எவ்வளவு வானம் வேண்டும்?

சுவரும் மரமும் உயிர்வேலியும் சூழ்ந்த வீட்டுத் தோட்டத்தில், ஆள் துணையின்றிப் புல் வெட்டும் ரோபோ தான் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோளை வைத்து நம்பகமாகக் கண்டுகொள்ள முடியுமா? இந்தக் கேள்விக்குச் சுமார் முப்பது ஆண்டுகளாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. முடியாது, தரையில் கம்பியைப் புதையுங்கள் என்றார்கள் முதலில். முடியும், தோட்டத்தில் இன்னொரு ஆன்டெனாவை நடுங்கள் என்றார்கள் பிறகு. வானத்தை விட்டுவிடுங்கள், கேமராவை நம்புங்கள் என்று சொல்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். எந்தப் பதிலும் முழுப் பொய் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு வகைத் தோட்டத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. வேறு வகைத் தோட்டத்தில் தடுமாறியது.

இந்த இயந்திரங்களின் தாய்மண் ஐரோப்பா, குறிப்பாகச் சுவீடனும் ஜெர்மனியும். அங்குள்ள புறநகர் மனைகள் சிறியவை. சரிந்த கூரை கொண்ட வீடு, எல்லையில் ஆள் உயர உயிர்வேலி, நடுவில் ஓர் ஆப்பிள் மரம், பக்கவாட்டில் சந்து போன்ற ஒரு புல்பட்டை என்று தோட்டம் அமைந்திருக்கும். விற்பனைத் தாள்கள் சொல்லும் 2 சென்டிமீட்டர் துல்லியம் இங்கே எடுத்த எண் அல்ல. தடையில்லாத வானத்தின் கீழ் எடுத்தது. அடியில் சுழலும் கத்திகளோடு ஓடும் ஓர் இயந்திரம், அடுத்த வீட்டுப் பூப்பாத்திக்குள் நுழைகிறதா, மீன்குட்டையில் விழுகிறதா, குழந்தைகள் விளையாடும் பக்கம் போகிறதா என்பது இந்த எண்ணைப் பொறுத்தது. ஆகவே எண் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைப் பொறுமையாகப் பார்ப்பது அவசியம்.

கம்பியின் காலம்

1995-ல் சுவீடன் நிறுவனமான ஹஸ்க்வர்னா, சூரிய ஒளியில் ஓடும் புல்வெட்டி ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கும் பின்வந்த பெரும்பாலான ரோபோக்களுக்கும் எல்லையைச் சொன்னது தோட்டத்தைச் சுற்றிப் புதைத்த ஒரு கம்பி. கம்பியில் குறைந்த அழுத்தத்தில் மின்துடிப்புகள் ஓடும். அவை உண்டாக்கும் காந்தப்புலத்தை இயந்திரத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருள் உணரும். கம்பியின் உட்புறமும் வெளிப்புறமும் புலத்தின் திசை எதிரெதிர் என்பதால், உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பது ரோபோவுக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்த முறையின் குறைகள் பழகியவை. புதைப்பது நாள் கணக்கான வேலை. மண்வெட்டி பட்டால் கம்பி அறும். எங்கே அறுந்தது என்று தேடுவது அதைவிடப் பெரிய வேலை. உள்ளே, வெளியே என்பதைத் தவிர ரோபோவுக்கு வேறு எதுவும் தெரியாததால், அது தோட்டம் முழுவதும் மனம்போன திசையில் ஓடி ஓடித்தான் வெட்டி முடிக்கும்.

ஆனாலும் கம்பிக்கு ஒரு நற்குணம் இருந்தது. பின்னால் வந்த விவாதங்களில் அது போதிய கவனம் பெறவில்லை. கம்பி அறுந்தால் துடிப்பு நிற்கும். துடிப்பு நின்றால் ரோபோ நிற்கும். பழுது தன்னைத் தானே அறிவித்துவிடும். எல்லையைத் தவறான இடத்தில் காட்டும் கம்பி என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. செயற்கைக்கோள் வழியில் இந்த நேர்மை இயல்பாக வருவதில்லை. இந்தக் கட்டுரை பேசும் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முழக்கணக்கு மறந்த பூக்காரர்

ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதன் பிறகும் சாதாரண ரிசீவரின் பிழை நல்ல வானத்தில் சில மீட்டர் இருக்கும். காருக்கு வழி காட்ட அது போதும். பாத்தியின் ஓரத்தில் புல் வெட்டப் போதாது.

சென்டிமீட்டர் அளவுக்கு இறங்க நில அளவையாளர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். செயற்கைக்கோளின் அலையில் ஏற்றப்பட்ட குறியீட்டை விட்டுவிட்டு, அந்த அலையையே அளவுகோலாக்குவது அது. ஜி.பி.எஸ்.-இன் முதல் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், அதில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். அந்த 19 சென்டிமீட்டருக்குள் எங்கே இருக்கிறோம் என்பதை ரிசீவர் மில்லிமீட்டர் கணக்கில் சொல்லும். ஆனால் செயற்கைக்கோளுக்கும் தனக்கும் இடையே எத்தனை முழு அலைகள் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. சரத்தை முழம் போட்டு அளக்கும் பூக்காரர், கடைசியில் மிஞ்சிய விரற்கடையை அச்சு பிசகாமல் சொல்லிவிட்டு, மொத்தம் எத்தனை முழம் என்பதை மறந்துவிட்டதைப் போன்றது இது.

அந்த முழக்கணக்கை மீட்பதுதான் ஆர்.டி.கே. முறையின் உயிர். தெரிந்த ஓர் இடத்தில் அசையாத ரிசீவர் ஒன்றை வைப்பார்கள். ஓடும் ரிசீவரும் நிற்கும் ரிசீவரும் ஒரே செயற்கைக்கோள்களை ஒரே கணத்தில் கவனிக்கும். இரண்டு அளவுகளையும் கழித்தால் செயற்கைக்கோள் கடிகாரத்தின் பிழையும் வளிமண்டலத்தின் பிழையும் பெருமளவு விழுந்துவிடும். மிஞ்சுவது முழு எண்களைத் தேடும் கணக்கு. அந்தத் தேடலை விரைவாகச் செய்யும் லாம்டா என்ற வழிமுறையை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் டியூனிசன் 1993-ல் முன்வைத்தார். முழு எண்கள் உறுதியானால் 'ஃபிக்ஸ்' என்பார்கள். பிழை ஓரிரு சென்டிமீட்டர். உறுதியாகாமல் தசம எண்களாகவே தொங்கினால் 'ஃப்ளோட்'. பிழை சில பத்து சென்டிமீட்டர், சமயத்தில் அதற்கும் மேல்.

பல லட்சம் ரூபாய் விலையுள்ள அளவைக் கருவிகளுக்குள் இருந்த இந்த நுட்பம், யூ-பிளாக்ஸ் நிறுவனம் 2018-ல் அறிவித்த இசட்.இ.டி.-எஃப்9பி போன்ற இரு அலைவரிசை ரிசீவர்களால் தோட்டக் கருவிகளின் விலைக்குள் இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஹஸ்க்வர்னா, செக்வே, மம்மோஷன் போன்றவை கம்பியில்லா ரோபோக்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஓபன்மோவர் என்ற திறமூல முயற்சி, கடையில் வாங்கிய மலிவான புல்வெட்டியின் உடலுக்குள் இதே ரிசீவரைப் பொருத்திக் காட்டியது. கேள்வி தீர்ந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். திறந்த புல்வெளிகளில் அது உண்மையாகவே தீர்ந்திருந்தது.

மரம் ஒரு தடை, சுவர் வேறொரு தடை

விவாதங்களில் 'தடை' என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு கெடுதல்களை மூடிவிடுகிறது.

முதலில் மரத்தைப் பார்ப்போம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஒரு வாட்டை நூறு கோடியால் வகுத்து, வந்ததை மறுபடியும் ஒரு கோடியால் வகுத்தால் கிடைக்கும் அளவுக்குத்தான் அதன் சிக்னல் தரையில் ரிசீவருக்கு வந்து சேருகிறது. மரம் இதை மேலும் மெலியச் செய்யும். அமெரிக்காவில் ஜூலியஸ் கோல்டுஹிர்ஷும் வுல்ஃப்ஹார்டு ஃபோகலும் பல ஆண்டுகள் நடத்திய அளவீடுகள் 1992-ல் நாசாவின் கையேடாகத் தொகுக்கப்பட்டன. சாலையோரத் தனிமரம் ஒன்று சிக்னலைச் சராசரியாக 10 டெசிபலை ஒட்டிக் குறைக்கிறது, அதாவது பத்தில் ஒரு பங்காக்குகிறது என்பது அவற்றிலிருந்து கிடைக்கும் சித்திரம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த அலைவரிசைகளுக்கு அருகில் அளந்தபோது, இலை அடர்ந்த மரத்தின் இழப்பு, டெசிபல் கணக்கில், இலையுதிர்ந்த மரத்தின் இழப்பைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே கூடுதலாக இருந்தது. பெரும்பகுதியைத் தின்றது இலை அல்ல, கட்டையும் கிளையும். குளிர்காலத்தில் சரியாக ஓடிய ரோபோ கோடையில் தடுமாறுவதற்கு இலை மட்டுமே காரணம் என்று சொல்வதை இந்த முடிவு சற்றுத் தயங்கவைக்கிறது. அளவீடுகள் வாகனத்தில் எடுக்கப்பட்டவை, மரவகைகள் அமெரிக்காவினுடையவை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பத்தில் ஒரு பங்கானாலும் இன்றைய ரிசீவர் சிக்னலைக் கேட்டுவிடும். கைபேசி மரத்தடியில் வேலை செய்வதும் அதனால்தான். ஆனால் அலையை எண்ணிக்கொண்டே வர வேண்டிய ஆர்.டி.கே.-க்குக் கேட்பது மட்டும் போதாது. இடைவிடாமல் கேட்க வேண்டும். ஒரு கிளை கடக்கும் கணத்தில் எண்ணிக்கை நழுவினால், முழக்கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரையில் இருபது செயற்கைக்கோள்கள் தெரிந்தும் ரோபோ நிற்கிறதே என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

சுவர் செய்வது வேறு. அது மெலியச் செய்வதில்லை; மறைக்கிறது, எதிரொலிக்கிறது. நேர் சிக்னலும் எதிரொலியும் ஒன்றாக வந்து, எதிரொலி பலவீனமாக இருந்தால், அலை அளவில் வரும் பிழை கால் அலைநீளத்தைத் தாண்டாது. முதல் அலைவரிசையில் அது 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சமாளிக்கக்கூடிய தொகைதான். நேர் சிக்னலைச் சுவர் முழுவதும் மறைத்து, எதிர்ச்சுவரில் பட்டுவந்த எதிரொலி மட்டும் ரிசீவரை அடைந்தால் அந்த வரம்பு இல்லாமல் போகிறது. பாதை எத்தனை மீட்டர் நீண்டதோ அத்தனை மீட்டரும் பிழையாகும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பால் குரோவ்ஸ் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நகரச் சூழலை முன்வைத்து நெடுநாளாக வலியுறுத்தி வருகிறார். தோட்டத்துக்கும் அது பொருந்துகிறது.

எதிரொலியைத் தடுக்க ஆன்டெனாவில் ஒரு வழி உண்டு. செயற்கைக்கோள் அலை வலஞ்சுழியாகச் சுழன்று வரும். ஒருமுறை பட்டுத் தெறித்தால் பெரும்பாலும் இடஞ்சுழியாகும். நல்ல ஆன்டெனா இடஞ்சுழியை ஒதுக்கும். இரண்டு முறை தெறித்தால் மறுபடி வலஞ்சுழி. இரு சுவர்களுக்கு இடைப்பட்ட சந்தில் இரண்டு முறை தெறிப்பது அரிதல்ல.

மூன்று மீட்டர்ச் சந்து ஒன்று

பேச்சு பொதுவாகவே போய்க்கொண்டிருக்காமல் இருக்க, ஓர் இடத்தை அளந்து பார்ப்பது நல்லது. ஜெர்மனியில் ஏறத்தாழ 50 பாகை வடக்கு அகலாங்கில் ஒரு வீடு. வடக்குப் பக்கம் 3 மீட்டர் அகலத்தில் புல்பட்டை. அதன் தெற்கே வீட்டுச் சுவர், கூரை விளிம்பு 6 மீட்டர் உயரத்தில். வடக்கே 2 மீட்டர் உயர உயிர்வேலி. ரோபோ சுவரிலிருந்து 2 மீட்டரும் வேலியிலிருந்து 1 மீட்டரும் தள்ளி நிற்கிறது. அதன் ஆன்டெனா தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம்.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் தெற்கே வானம் 70 பாகைக்கு மேல்தான் தொடங்கும். வடக்கே வேலி சுமார் 60 பாகைவரை மறைக்கும். மிஞ்சுவது கிழக்கு மேற்காக ஓடும் ஒரு வானக்கீற்று. அதன் அகலம் 50 பாகைக்கும் குறைவு. இதே இடத்தில் நில அளவையாளர் 2 மீட்டர்க் கம்பத்தில் ரிசீவரை ஏந்தி நின்றால் வேலி அவருக்குத் தடையே அல்ல. ஒரே ரிசீவர், ஒரே புள்ளி. உயரம் மட்டும் வேறு. அளவையாளர்களின் அனுபவத்தை அப்படியே ரோபோவுக்கு ஏற்றிச் சொல்லும் வாதங்கள் இந்த இடத்தில் இடறுகின்றன.

இதற்குமேல் வானத்தின் அமைப்பே ஓர் ஓரவஞ்சனை செய்கிறது. ஜி.பி.எஸ். பாதைகள் நிலநடுக்கோட்டுக்கு 55 பாகை சாய்ந்தவை. அதனால் மத்திய ஐரோப்பாவில் நேர்வடக்கு வானத்தில், தொடுவானத்திலிருந்து உச்சிக்கு அருகே வரை, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய வருவதேயில்லை. வருபவை கிழக்கிலும் மேற்கிலும் தெற்கிலும்தான். வடக்குப் புல்பட்டைக்கு அந்தத் தெற்கை வீடு மறைத்துக்கொள்கிறது. தெற்குச் சுவரை ஒட்டிய இதே அகலமுள்ள பட்டையில் ரோபோ நன்றாக ஓடக்கூடும். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் ஒரே தடை என்று நினைப்பது பிழை.

காலமும் நகர்கிறது. ஜி.பி.எஸ். வானம் ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே கோலத்துக்குத் திரும்பும். நேற்று காலை 10.00 மணிக்குச் சந்தில் சிக்கிய இயந்திரம் இன்று 9.56-க்குச் சிக்கலாம், ஒரு மாதத்தில் அந்த நேரம் 2 மணி நேரம் முன்னகர்ந்துவிடும். ஏப்ரலில் குறித்துவைத்த வேலைநேரம் ஜூலையில் கைகொடுக்காமல் போனால், கடைசியாக வந்த மென்பொருள்மீது பழி விழுவது இயல்பு. உண்மையில் மாறியது வானமாக இருக்கலாம்.

கூட்டு வானத்தின் ஆதரவாளர்கள்

முதல் மறுமொழி, இன்னும் அதிகச் செயற்கைக்கோள்கள் என்பது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, 2020-ல் உலகளாவிய அமைப்பாக முழுமைபெற்ற சீனாவின் பெய்டோ ஆகியவற்றைச் சேர்த்தால் வானத்தில் தெரியும் எண்ணிக்கை பல மடங்காகிறது. இரண்டு அலைவரிசைகளைக் கேட்பதும் பெரும் உதவி. 19 சென்டிமீட்டர்க் கோலையும் 24 சென்டிமீட்டர்க் கோலையும் இணைத்தால் 86 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கற்பனைக் கோல் கிடைக்கிறது. முழக்கணக்கு அதில் எளிதாகத் தீரும். மரத்தடியில் இழந்த ஃபிக்ஸை மீட்க எடுக்கும் நேரம் இவற்றால் குறைந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

வலுக்குறைவு, மேலே கண்ட சந்தில் தெரிகிறது. கலிலியோவின் சாய்வு 56 பாகை, பெய்டோவின் நடுவட்டக் கோள்களுக்கு 55. ஜி.பி.எஸ். வராத வடக்கு வானத்துக்கு இவையும் பெரிதாக வருவதில்லை. 64.8 பாகை சாய்ந்த குளோனாஸ் மட்டுமே அந்த ஓட்டையை ஓரளவு அடைக்கும். ஆனால் அதன் பழைய சிக்னல்களில் ஒவ்வொரு கோளும் சற்றே வேறு அதிர்வெண்ணில் பேசுவதால் முழு எண் கணக்கு சிக்கலாகிறது. எண்ணிக்கை கூடினாலும் அவை எல்லாம் ஒரே கீற்றுக்குள் குவிந்தால், கீற்றுக்குக் குறுக்கான திசையில், அதாவது சுவருக்கும் வேலிக்கும் இடையே எங்கே இருக்கிறோம் என்பதில், பிழை பெருகும். சுவரில் இடிக்கும் திசையும் அதுவே.

இரண்டாம் மறுமொழி அசையாத ரிசீவரைப் பற்றியது. இரண்டு ரிசீவர்களுக்கும் பொதுவாகத் தெரியும் கோள்கள்தான் கணக்கில் சேரும் என்பதால், வீட்டின் ஒரு மூலையில் நட்ட ஆன்டெனாவுக்கு வானம் குறைந்தால் தோட்டம் முழுவதும் பாதிக்கும். அரசு அளவை நிறுவனங்கள் நடத்தும் நிலையான நிலையங்களின் வலைப்பின்னலிலிருந்து திருத்தங்களைப் பெற்றால் இந்தக் குறை நீங்கும். சுவீடனில் ஸ்வேபோஸ், ஜெர்மனியில் சாபோஸ் அப்படிப்பட்டவை. கிரெஸ் நிறுவனத்தின் ரோபோக்கள் வீட்டில் ஆன்டெனாவே இல்லாமல் வலைப்பின்னலை நம்பி ஓடுகின்றன. இதற்கு விலையாகக் கைபேசி இணைப்பைச் சார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. இணைப்பு அறுந்து திருத்தம் வராமல் போனாலும் இயந்திரத்தின் திரையில் அது 'நிலை இழப்பு' என்றே தோன்றும். உரிமையாளர் மரத்தின் கிளையை வெட்டப் போவார். எந்த சிக்னல் போயிற்று என்பதைப் பிரித்துச் சொல்லாத இயந்திரத்தால் நல்ல மரங்களுக்கே ஆபத்து.

கலிலியோ 2023 ஜனவரியில் தொடங்கிய இலவச உயர்துல்லியச் சேவைக்கு அருகில் வேறு ரிசீவர் தேவையில்லை. ஆனால் கிடைமட்டத்தில் அதன் இலக்கு 20 சென்டிமீட்டர். அதை எட்டுவதற்கும் தடையற்ற வானமும் சில நிமிடப் பொறுமையும் வேண்டும். மூடிய தோட்டத்துக்கு இப்போதைக்கு அது விடையாகாது.

தரையில் ஊன்றிய குரல்கள்

வானம் போதவில்லையென்றால் தோட்டத்துக்குள்ளேயே சிக்னல் கம்பங்களை நடலாம் என்பது இன்னொரு நிலைப்பாடு. ஐரோபோட் நிறுவனம் இந்த வழியில் சென்றது. அதன் அகலக்கற்றை ரேடியோக் கம்பங்கள் 6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குவதாக இருந்தன. விண்மீன்கள் பிறக்கும் மேகங்களில் உள்ள மெத்தனால் மூலக்கூறு 6.67 கிகாஹெர்ட்ஸ் அருகே பேசுகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க ரேடியோ வானியலாளர்கள், தொலைநோக்கிகளைச் சுற்றி இந்த ரோபோக்கள் கூடாது என்று முறையிட்டார்கள். 2015-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் நிறுவனத்துக்கு விலக்கு அளித்தது. 2019 ஜனவரியில் டெர்ரா என்ற பெயரில் அறிவிக்கப்பட்ட அந்த ரோபோ, அடுத்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது.

தொழில்நுட்ப அடிப்படையில் இந்த வழி தவறல்ல. சில மீட்டர் தூரத்திலிருந்து வரும் சிக்னல் செயற்கைக்கோளினுடையதைவிடப் பன்மடங்கு வலியது. ஆயினும் கம்பம் நடுவது கம்பி புதைப்பதன் இன்னொரு வடிவமே. ஈரம் சுமந்த அடர்ந்த வேலி இந்த அலையையும் விழுங்கும்.

கண்ணை நம்பியவர்கள்

கேமரா, லேசர் ஆகியவற்றின் ஆதரவாளர்கள் கேள்வியையே மாற்றுகிறார்கள். ரோபோ உலகில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பது எதற்கு, புல் எங்கே முடிகிறது என்று தெரிந்தால் போதாதா என்பது அவர்கள் வாதம். வொர்க்ஸ் நிறுவனத்தின் விஷன் வகை ரோபோக்கள் இப்படித்தான் தொடங்கின. சுற்றிலும் லேசர் வீசி முப்பரிமாண வரைபடம் எழுதும் ரோபோக்கள் 2024-ஐ ஒட்டி வீட்டுச் சந்தைக்கு வந்தன.

இங்கே ஒரு நல்ல தலைகீழ் உறவு இருக்கிறது. செயற்கைக்கோள் எங்கே தோற்கிறதோ அங்கே கண் வெல்கிறது. சுவரும் வேலியும் மரத்தண்டும் லேசருக்கு அடையாளக் கற்கள். நடுவில் எதுவும் இல்லாத பெரும் புல்வெளியில் லேசருக்குப் பிடிமானம் இல்லை. செயற்கைக்கோளுக்கோ அதுவே சொர்க்கம்.

கண்ணுக்கும் நோய்கள் உண்டு. தாழ்ந்த சூரியன் கேமராவைக் குருடாக்கும். ஒரே பச்சையாக விரிந்த புல்லில் படத்துக்குப் படம் ஒப்பிட எதுவும் இருக்காது. அண்டை வீட்டுப் புல்லும் இவர் புல்லும் வேலியில்லாமல் சேர்ந்திருந்தால், புல் முடியும் இடம் எல்லையாகாது. உயிர்வேலி வளரும், பனிக்காலத்தில் வெறுமையாகும், வரைபடம் பழசாகும். இருட்டில் கேமரா வேலை செய்யாது என்பது பெருங்குறையாகப் பேசப்பட்டது. ஆனால் சோஃபி லுண்ட் ராஸ்முசனும் குழுவினரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த ரோபோக்கள் எல்லாமே முள்ளெலியின் உடலில் பட்ட பிறகே அதை உணர்ந்தன. முள்ளெலி இரவில் நடமாடும் உயிர். சில ஜெர்மன் நகரங்கள் இரவில் ரோபோ ஓட்டுவதைத் தடை செய்துவிட்டன. இரவில் ஓடவே கூடாதென்றால், அந்தக் குறையின் எடை குறைகிறது. பகலிலும் தொடாமலே பார்க்கக்கூடிய கண் ஒன்று இருக்க வேண்டும் என்ற வாதமோ வலுக்கிறது.

கலப்பும், அது மறைப்பதும்

இன்று சந்தையின் நடுநிலைக் கருத்து கலப்பு: ஆர்.டி.கே., கேமரா, சக்கரச் சுழற்சிக் கணக்கு, சுழற்சியையும் சாய்வையும் உணரும் சில்லு. ஃபிக்ஸ் போன இடங்களில் சக்கரமும் சில்லும் சில மீட்டருக்குக் கைகொடுக்கும். எவ்வளவு தூரம் என்பதை எளிய கணக்கே சொல்லிவிடும். திசையில் 1 பாகை பிழை இருந்தால் 10 மீட்டர் ஓட்டத்தில் 17 சென்டிமீட்டர் விலகல். ஈரப்புல்லில் சக்கரம் வழுக்கினால் இன்னும் கூடும். சரிவில் இயந்திரம் 10 பாகை சாய்ந்தாலே 30 சென்டிமீட்டர் உயரத்து ஆன்டெனா 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். சில்லு அதைத் திருத்தாவிட்டால், சொல்லப்பட்ட 2 சென்டிமீட்டர் முதல் மேட்டிலேயே கரைந்துபோகும். மரத்தடியைக் கடக்க இந்தத் துணை போதும். 20 மீட்டர் நீளச் சந்தில் போய்த் திரும்ப ஐயத்துக்குரியது.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. இழந்துவிட்டோம் என்பதை இயந்திரம் அறியுமா? ஆர்.டி.கே.-யில் அஞ்ச வேண்டியது ஃப்ளோட் அல்ல, பொய்யான ஃபிக்ஸ். எதிரொலியால் கெட்ட அளவுகளை வைத்துத் தேடும்போது, தவறான முழு எண் கூட்டம் ஒன்று சரியானதைப்போலப் பொருந்திவிடலாம். முதலிடத்து விடை இரண்டாமிடத்து விடையைவிட எத்தனை மடங்கு நன்றாகப் பொருந்துகிறது என்று ஒப்பிட்டு, பொதுவாக 3 மடங்கு போன்ற ஒரு வரம்பைத் தாண்டினால் ஏற்பது வழக்கம். திறந்த வானத்தில் அந்த வரம்பு நன்றாகவே காக்கிறது. மூடிய சந்தில் அது தேவைக்கு மேல் கண்டிப்பாகவும் இருக்கலாம், போதாததாகவும் இருக்கலாம். கண்டிப்பைக் கூட்டினால் ரோபோ அடிக்கடி நின்று உரிமையாளரைக் கூப்பிடும். தளர்த்தினால் அரை மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, சரியான இடத்தில் இருப்பதாக நம்பும். நின்றுபோகும் ரோபோவுக்கு மதிப்புரைகளில் திட்டு விழுகிறது. நிற்காமல் தப்பாக ஓடும் ரோபோ, பாத்தியை மேயும்வரை நல்ல பெயரோடு இருக்கிறது. இந்த அழுத்தம் உற்பத்தியாளர்களைத் தளர்ச்சியின் பக்கம் தள்ளக்கூடும் என்பது கவலைக்குரியது.

விமானத்துறையில் துல்லியமும் நம்பகமும் தனித்தனிக் கணக்குகள். என் பிழை இந்த எல்லையைத் தாண்டாது, தாண்டினால் இத்தனை நொடிக்குள் எச்சரிப்பேன் என்று அமைப்பே உறுதி தர வேண்டும். கம்பி இந்த உறுதியைத் தன் இயல்பாலேயே தந்தது. தோட்ட ரோபோ பற்றிய பேச்சு துல்லியத்தையே சுற்றிவருகிறது. கேட்க வேண்டியது, பிழையாகும்போது அது தன் பிழையை ஒப்புக்கொள்கிறதா என்பதே. கேமராவும் ஆர்.டி.கே.-யும் ஒன்றோடொன்று முரண்படும்போது நின்றுவிடும் கலப்பு இந்த வழியில் ஒரு முன்னேற்றம். முரண்பாட்டைச் சராசரியாக்கி மழுப்பும் கலப்பு பின்னடைவு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன.

தீராமல் இருப்பவை

சில கேள்விகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. மேல்வளிமண்டலத்தின் மின்னூட்டப் படலம் அவற்றில் ஒன்று. 2024 மே 10, 11 தேதிகளில் வீசிய சூரியப் புயலில், அமெரிக்க மக்காச்சோள வயல்களில் ஆர்.டி.கே. டிராக்டர்கள் விதைப்புக்கு நடுவே தடுமாறின. அவற்றுக்கு மேல் வானம் முழுதாகத் திறந்திருந்தது. பாதி மூடிய தோட்டத்துக்குக் கையிருப்பு இன்னும் குறைவு. புவிகாந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் புயல் இல்லாத நாளிலும், சூரியன் மறைந்த பிறகு இந்தப் படலத்தில் குமிழிகள் எழுந்து சிக்னலை மின்னவைக்கும். தென் தமிழகமும் கேரளமும் அந்தக் கோட்டின் அருகில் இருப்பவை. தும்பாவில் 1963-ல் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டதற்கும், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் அமைந்ததற்கும் காரணம் அதுவே. ஐரோப்பிய வானத்தில் சரிபார்த்த வரம்புகளை மாலைநேரத்தில் இங்கே அப்படியே நம்புவதற்கு ஆதாரம் போதாது. நில அளவைக்கும் வயல் டிரோனுக்கும் இதே ரிசீவர்களை நாம் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், இது தொலைதூரத்துச் சங்கதி அல்ல.

சோதனை முறை இன்னொன்று. அளவையாளரின் ஆர்.டி.கே. கருவியைக் களத்தில் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 17123-8 என்ற தரநிலை இருக்கிறது. அது கம்பத்தில் அசையாமல் நிற்கும் கருவிக்கானது. 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே, சுவருக்கும் வேலிக்கும் நடுவே, ஒரு முழுநாள் வானச் சுழற்சிக்கும் இரண்டு பருவங்களுக்கும் ஈடுகொடுக்கும் இயந்திரத்துக்கு வேறு சோதனை வேண்டும்: எத்தனை நேரம் ஃபிக்ஸில் இருந்தது என்பதோடு, ஃபிக்ஸ் என்று சொன்ன நேரத்தில் எத்தனை முறை பொய்யாயிற்று என்பதையும் எண்ணும் சோதனை.

முதல் எண்ணிக்கை ஏற்கெனவே பதிவாகிறது. பெரும்பாலான ரோபோக்கள் எந்த நொடியில், எந்தப் புள்ளியில் ஃப்ளோட்டுக்கு இறங்கின என்பதைக் குறித்துக்கொண்டே ஓடக்கூடியவை. அந்தக் குறிப்புகள் சுவரின் திசை, வேலியின் உயரம், மாதம், மணி என்று பிரித்து வெளிவந்தால், வடக்குப் பக்கத்து மூன்று மீட்டர்ச் சந்தில் ஓர் இயந்திரம் எவ்வளவு நேரம் ஃபிக்ஸில் இருக்கும் என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்ல முடியும். இரண்டாவது எண்ணிக்கைக்கு அவை போதாது. ரோபோ எங்கே நிற்கிறது என்பதை வெளியிலிருந்து தனியே அளக்கும் கருவி ஒன்று அந்தச் சந்தின் முனையில் நிற்க வேண்டும். அத்தகைய அளவீடுகள் சோதனைத் திடல்களைத் தாண்டி உண்மையான வீட்டுத் தோட்டங்களுக்குள் இனிமேல்தான் பரவலாக வர வேண்டியிருக்கிறது.